நான்கரை மணி நேரம் பின்னால்: வலென்சியா நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

அலாரம் நாலரைக்கு அடிக்கிறது. ஐந்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் சென்னையில் ஒன்பதரை. மதியம் இரண்டுக்கு மூடினால் அங்கே மாலை ஆறரை. குளிர்காலத்தில் ஸ்பெயின் நமக்கு நான்கரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. ஊரே இருட்டில் தூங்கும்போது நான் ஸ்வெட்டருக்கு மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு ‘குட் மார்னிங் டீம்’ என்று கிசுகிசுக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா படுத்திருக்கிறார்.

வலென்சியாவைத் தேர்ந்தெடுத்தது வெயிலுக்காக. ஆண்டுக்கு 300 நாள் வெயில் என்று இங்கே எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். தெருவில் அது சரி. வீட்டுக்குள் கதை வேறு. கோடையை மனதில் வைத்துக் கட்டிய வீடுகள். ஓடு பதித்த தரை, தடித்த சுவர், என் அறையில் ஹீட்டர் கிடையாது. ஜனவரியில் வந்து இறங்கிய வாரம் நான் வெளியே போனதே குளிர் காயத்தான்.

அறை இருப்பது கபான்யாலில். கடற்கரையை ஒட்டிய பழைய மீனவர் குடியிருப்பு. வீட்டு முகப்பில் பச்சையும் நீலமுமாக ஓடுகள். ஒரு பெரிய சாலையைக் கடல்வரை நீட்டுகிறோம் என்று 1998இல் ஒரு திட்டம் வந்தது. நடந்திருந்தால் 1,600க்கும் மேற்பட்ட வீடுகள் இடிந்திருக்கும். மக்கள் பல ஆண்டுகள் போராடித் தடுத்தார்கள். வீட்டுக்காரம்மாவின் வீடும் அந்தக் கோட்டுக்குள் இருந்ததாம். இப்போது அதே தெருவில் என்னைப் போல லேப்டாப்போடு வருகிறவர்களால் வாடகை ஏறுகிறது. ‘இயந்திரம் வந்து இடிக்கவில்லை, நீங்கள் வந்து இடிக்கிறீர்கள்’ என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துவைத்தேன்.

விசாவைப் பற்றிச் சுருக்கமாக, நிறையப் பேர் கேட்பதால். ஸ்பெயின் 2023இலிருந்து ‘டிஜிட்டல் நோமாட்’ விசா தருகிறது. வேலை தரும் நிறுவனம் குறைந்தது ஓராண்டு பழையதாக இருக்க வேண்டும், நீங்கள் அங்கே மூன்று மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும், சம்பளம் இந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல இரு மடங்காவது வர வேண்டும். மீதியெல்லாம் காகிதம். அதை எழுதினால் எனக்கே கொட்டாவி வரும்.

மார்ச் 4, செவ்வாய்

சென்னையில் இரண்டு மணிக்கு லஞ்ச் பிரேக். இங்கே அது காலை ஒன்பதரை. தற்செயலா, கடவுள் செயலா தெரியாது, வலென்சியாக்காரர்கள் சரியாக அந்த நேரத்தில்தான் ‘எஸ்மொர்சார்’ சாப்பிட உட்காருகிறார்கள். காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு சாப்பாடு. சிற்றுண்டி என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். முழங்கை நீள ரொட்டியை நெடுக வெட்டி அதற்குள் ஆம்லெட், உருளைக்கிழங்கு, இறைச்சி என்று திணித்துத் தருவார்கள்.

தெருமுனை பாருக்கு முதல் முறை போனபோது ‘ககாவ் வேண்டுமா’ என்று கேட்டார்கள். சாக்லேட் பால் வரும் என்று தலையாட்டினேன். தோலோடு வறுத்த வேர்க்கடலை ஒரு தட்டு வந்தது. வலென்சிய மொழியில் கடலைக்குப் பெயரே ககாவ்தான். கூடவே ஆலிவ் காய். கடைசியில் ‘கிரெமாயெத்’: ரம்மில் சர்க்கரை, பட்டை, எலுமிச்சைத் தோல், காப்பிக்கொட்டை போட்டுத் தீ வைத்து எரித்து, அதன்மேல் காப்பியை ஊற்றுகிறார்கள். எரிந்தால் சாராயம் போய்விடும் என்று பக்கத்து மேசைப் பெரியவர் சத்தியம் செய்தார். பத்து மணி மீட்டிங்கில் நான் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உற்சாகமாகப் பேசினேன் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

பெயின்டர், பிளம்பர், ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளிகள் என்று நாலைந்து பேர் அந்த மேசையில் தினமும் இருப்பார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து எனக்கும் ஒரு நாற்காலி போட்டுவைக்கிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

அரை நாள் விடுப்பு. இதற்காகவே எடுத்தேன்.

வியாழக்கிழமை தோறும் பகல் பன்னிரண்டு மணிக்குக் கதீட்ரலின் அப்போஸ்தலர் வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. துரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்கள். வாய்க்காலுக்கு ஒருவர் என்று விவசாயிகளே தங்களுக்குள் தேர்ந்தெடுத்த எட்டு நீதிபதிகள். வக்கீல் கிடையாது. வாய்மொழி விசாரணை, அங்கேயே தீர்ப்பு, மேல்முறையீடு இல்லை. அரபு ஆட்சிக் காலத்திலிருந்தே தொடர்வதாகச் சொல்கிறார்கள். இங்கே வாய்க்காலுக்குப் பெயர் ‘செக்கியா’. அதுவே அரபுச் சொல்தான். யுனெஸ்கோ 2009இல் இதை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மணி அடித்ததும் கறுப்பு அங்கி அணிந்த எட்டுப் பேர் வந்து தோல் வைத்த மர நாற்காலிகளில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அங்கி என்றதும் நீதிபதி அங்கியை நினைக்க வேண்டாம், அந்தக் கால விவசாயிகளின் மேல்சட்டை அது. பித்தளைக் கொக்கி பிடித்த சேவகர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயராகச் சொல்லி, ‘புகார் உண்டா?’ என்கிற பாவனையில் கூவினார். யாரும் முன்வரவில்லை. அடுத்த வாய்க்கால். யாரும் இல்லை. எட்டும் முடிந்தது. எழுந்து போய்விட்டார்கள். மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பெரும்பாலான வாரங்கள் இப்படித்தானாம். சுற்றி நின்ற சுற்றுலாக் கூட்டத்துக்குப் பெரிய ஏமாற்றம். ஒருவர் ‘அவ்வளவுதானா?’ என்று தன் வழிகாட்டியிடம் சண்டைக்கே போனார்.

எனக்கு ஏமாற்றமாக இல்லை. மன்னார்குடிப் பக்கம் கடைமடையில் வளர்ந்தவள் நான். தண்ணீர்த் தகராறு வாய்க்கால் கரையிலேயே பேசி முடிந்துவிட்டால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். மண்வெட்டியோடு இரண்டு பேர் நடுராத்திரியில் மடையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

சதுக்கத்தின் நடுவில் ஒரு நீரூற்று. சாய்ந்து படுத்திருக்கும் ஆண் துரியா ஆறு. சுற்றி நிற்கும் எட்டுப் பெண்கள் எட்டு வாய்க்கால்கள். அப்பாவுக்குப் படம் அனுப்பினேன்.

மார்ச் 7, வெள்ளி

அப்பா போன் செய்தார். வேலை எப்படி, சாப்பாடு எப்படி, ஒன்றும் கேட்கவில்லை.

“அந்த எட்டு வாய்க்கால்ல மொறை வச்சுத்தான் தண்ணி வுடுறாங்களா?”

“ஆமாம்பா. தண்ணி கொறைஞ்சா மொறை வைப்பாங்களாம்.”

“கடைமடைக்குப் போவுதா?”

தெரியவில்லை என்றேன். அதைக் கேட்காமல் வேறு என்னத்தைப் பார்த்துவிட்டு வந்தாய் என்பதுபோல ஒரு மௌனம்.

மார்ச் 9, ஞாயிறு

மழை. 300 நாள் கணக்கில் மீதமிருக்கும் நாட்களையெல்லாம் எனக்கென்று சேர்த்துவைத்திருந்தார்கள் போல, இந்த மாதம் விடாமல் பெய்கிறது.

குடையோடு துரியாவில் நடந்தேன். ஆற்றில் நடந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பாலங்கள் எல்லாம் மேலே அப்படியே நிற்கின்றன, கீழே தண்ணீர் இல்லை. 1957 அக்டோபர் 14இல் இந்த ஆறு ஊருக்குள் புகுந்தது. குறைந்தது 81 பேர் இறந்தார்கள். பிறகு ஆற்றையே தூக்கி நகரத்துக்குத் தெற்கே புதிதாக வெட்டிய கால்வாயில் விட்டுவிட்டார்கள். காய்ந்துபோன பழைய படுகையில் நெடுஞ்சாலை போட அரசு நினைத்தது. ‘ஆற்றுப் படுகை எங்களுடையது, அது பசுமையாக வேண்டும்’ என்று 1970களில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். இன்று சுமார் ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்குப் பூங்கா: ஆரஞ்சு மரம், பனை, ஓடுகிறவர்கள், நாய் நடத்துகிறவர்கள், கீழ்க்கோடியில் கலத்ராவா வடிவமைத்த வெள்ளைக் கட்டடங்கள்.

மரத்தில் ஆரஞ்சு கொத்துக் கொத்தாகத் தொங்குகிறதே, ஒருவரும் பறிப்பதில்லையே என்று ஒன்றை உரித்து வாயில் போட்டேன். தெருவோர ஆரஞ்சு கசக்கும். இதை யாராவது பலகையில் எழுதி வைத்திருக்கலாம்.

மார்ச் 12, புதன்

ஃபாயாஸ் திருவிழா நெருங்குகிறது. அதன் முன்னோட்டமாக மார்ச் 1 முதல் 19 வரை தினமும் பகல் இரண்டு மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் ‘மாஸ்க்ளெதா’. பட்டப்பகலில் வாணவேடிக்கையா என்று கேட்டேன். இது கண்ணுக்கு இல்லை, காதுக்கு என்றார் வீட்டுக்காரம்மா. ‘வாயைத் திறந்து வைத்துக்கொள் இஹா, இல்லாவிட்டால் காது போய்விடும்.’ இஹா என்றால் மகளே.

கடைசி ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு போனேன். மேல்மாடத்தில் விழா அரசி வந்து, ‘வெடிக்காரரே, மாஸ்க்ளெதாவைத் தொடங்கலாம்’ என்று வலென்சிய மொழியில் அறிவிக்க, கூட்டம் கத்துகிறது. முதலில் ஒன்றிரண்டு. பிறகு சரவெடி. பிறகு தாளம் பிடிபடுகிறது. ஒரு பக்கம் கேட்டதற்கு மறுபக்கம் பதில் சொல்கிறது. கடைசி நிமிடத்துக்கு ‘நிலநடுக்கம்’ என்றே பெயர். கோயில் திருவிழா அதிர்வேட்டை நூறாகப் பெருக்கி நெஞ்செலும்புக்குள் வைத்து வெடித்த மாதிரி. முடிந்ததும் ஒரு கணம் அமைதி, அப்புறம் கைதட்டல். பக்கத்தில் நின்ற ஒருவர், நேற்றைய வெடி இதைவிடச் சுத்தமாக இருந்தது என்று கச்சேரி ரசிகர் போல உதட்டைப் பிதுக்கினார்.

மார்ச் 17, திங்கள்

காலை எட்டு மணி. சென்னையில் பன்னிரண்டரை, வாடிக்கையாளருக்கு டெமோ. சரியாக அப்போது தெருவில் பேண்டு வாத்தியமும் வெடியுமாக ஒரு ஊர்வலம். ஊரை எழுப்புவதற்காம். மியூட் பட்டனைத் தேடுவதற்குள் நாலு வெடி போய்விட்டது.

“அங்க ஏதும் கலவரமா?” என்றார் வாடிக்கையாளர்.

“தீபாவளி சார்” என்றேன். விளக்க நேரமில்லை.

மார்ச் 19, புதன், நள்ளிரவுக்குப் பிறகு

தெருவுக்குத் தெரு பொம்மைக் கோபுரங்கள் நிற்கின்றன. அரசியல்வாதி, நடிகர், பக்கத்து வீட்டுக்காரர், யாரையும் விடாமல் கிண்டல் செய்யும் பொம்மைகள். ஆண்டு முழுக்க வசூல் செய்து கட்டி, மார்ச் 19 இரவில், புனித யோசேப்பு திருநாளன்று, எல்லாவற்றையும் கொளுத்திவிடுகிறார்கள். பெரிய பொம்மைகளில் ஒன்று, சிறுவர் பொம்மைகளில் ஒன்று, இந்த இரண்டுக்கு மட்டும் மன்னிப்பு. மக்கள் வாக்களித்துப் பொம்மையைக் காப்பாற்றி அருங்காட்சியகத்துக்கு அனுப்புவது 1934இல் தொடங்கியது. தச்சர்கள் குளிர்காலம் முடிந்ததும் விளக்கு மாட்டிய பழைய கட்டைகளை எரித்ததில் தொடங்கியதாம். போகி என்று நான் விளக்கினேன். வீட்டுக்காரம்மா ஒத்துக்கொண்டார், ஆனால் போகியில் வெடி உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும் முகத்தில் ஒரு வெற்றி.

எங்கள் முனைப் பொம்மை இருபதடி இருக்கும். தீயணைப்பு வீரர்கள் பக்கத்து வீட்டுச் சுவர்களைத் தண்ணீர் பீய்ச்சி நனைத்துக்கொண்டே இருந்தார்கள். பொம்மைக்குள் தெர்மகோல் மாதிரிச் சரக்கு, புகை கரியாகக் கறுத்துக் கிளம்பியது. அனல் தாங்காமல் கூட்டம் நாலடி பின்வாங்கியது. பொம்மை முகம் உருகி விழுந்தபோது சின்ன விழா அரசி, பத்து வயது இருக்கும், தேம்பித் தேம்பி அழுதாள். அவளை யாரும் தடுக்கவில்லை. அழ வேண்டிய இடம்தானாம் அது.

மூன்று மணி நேரத்தில் அலாரம் அடிக்கும்.

மார்ச் 22, சனி

ஐந்து மாதங்களுக்கு முன் செய்திகளில் வந்த வலென்சியா, நான் வசிக்கும் வலென்சியா இல்லை. அது தெற்கே, புதிய கால்வாய்க்கு அந்தப் பக்கம். 2024 அக்டோபர் 29 மாலை போயோ ஓடையில் வந்த வெள்ளம் பாய்போர்த்தா, கத்தர்ரோகா போன்ற ஊர்களை மூழ்கடித்தது. வலென்சிய மாகாணத்தில் 220க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செல்போன்களுக்கு எச்சரிக்கை வந்தது இரவு 8:11க்கு. அதற்குள் பல தெருக்களில் தண்ணீர் புகுந்திருந்தது. கால்வாய்க்கு இந்தப் பக்கம், நகரத்துக்குள் ஒன்றுமில்லை. 1957க்குப் பிறகு ஆற்றைத் தெற்கே தள்ளிய அந்தக் கால்வாய் நகரத்தைக் காப்பாற்றிவிட்டது.

இன்று அந்தப் பக்கம் போனேன். சான் மார்செலினோ பகுதியிலிருந்து கால்வாயைக் கடக்கும் நடைபாலம் ஒன்று இருக்கிறது. வெள்ளத்துக்கு மறுநாட்களில் ஆயிரக்கணக்கானோர் துடைப்பமும் மண்வாரியும் தூக்கிக்கொண்டு இதன் வழியாகத்தான் நடந்தார்கள். அதனால் அதற்கு ஒற்றுமைப் பாலம் என்று பெயராகிவிட்டது. நடந்து கடக்க ஐந்து நிமிடம் போதும். இந்தக் கரையில் காப்பிக் கடை. அந்தக் கரையில் சுவரெங்கும் என் தோளுயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. கீழ்த்தளக் கடைகளில் பல இன்னும் திறக்கவில்லை. கதவுகள் புதிது, சுவர்கள் பழையது. ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் நாற்காலியை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். படம் எடுக்கவில்லை.

அப்பா கடைமடையைப் பற்றிக் கேட்டது ஞாபகம் வந்தது. தண்ணீர் வராததுதான் கடைமடைக்காரன் கவலை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

அந்த ஓடை போய் விழும் இடம் அல்புஃபெரா ஏரி. அரபியில் ‘சின்னக் கடல்’ என்று பொருள். சுற்றிலும் நெல் வயல். பேருந்தில் ஏறி எல் பல்மார் கிராமத்துக்குப் போனேன். அக்டோபர் வெள்ளம் வீட்டுச் சாமான்களையெல்லாம் கொண்டுவந்து ஏரியில்தான் கொட்டியது. காணாமல் போனவர்களை இங்கேயும் தேடினார்கள். படகுக்காரர் அதைப் பற்றி ஒரே வரி சொல்லிவிட்டுப் பறவை காட்டத் தொடங்கினார்.

இங்கே ஒரு போகம்தான். மே மாதம் தண்ணீர் கட்டி நேரடியாக விதைப்பு, செப்டம்பரில் அறுப்பு. அறுவடைக்குப் பிறகு குளிர்காலத்தில் மறுபடி வயலில் தண்ணீரை விட்டு நிறுத்திவைக்கிறார்கள், பறவைகளுக்கு அது கொண்டாட்டம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மதகுகள். நீர்மட்டத்தை எந்த மாதம் எவ்வளவு வைப்பது என்பதில் விவசாயிக்கும் மீனவருக்கும் பறவைக்காரர்களுக்கும் ஒத்துப்போவதில்லையாம். இதைக் கேட்டதும் சொந்த ஊருக்கு வந்துவிட்டது மாதிரி இருந்தது.

மதியம் பாயெய்யா. கோழி, முயல், பட்டையான பச்சை பீன்ஸ், வெள்ளை மொச்சை போன்ற ‘கர்ரொஃபோ’, குங்குமப்பூ. வெங்காயம் போட்டால் சண்டை. அரிசியைப் போட்ட பிறகு கிளறினால் பெரிய சண்டை. அகன்ற தட்டையான சட்டியில் ஒரு விரல் கனத்துக்கு மட்டும் சோறு. அடியில் பிடித்துப் பொன்னிறமாக முறுகியதைச் ‘சொக்காராத்’ என்று சொல்லிச் சுரண்டிச் சுரண்டித் தின்கிறார்கள். நம் வீட்டில் காந்தல் என்று ஊறவைத்துத் தேய்ப்பதை! ஆனால் ருசி. பொய் சொல்லக் கூடாது.

மார்ச் 25, செவ்வாய்

மாலை மெட்ரோவில் அல்போராயா. ‘ஒர்ச்சாத்தா’ குடிக்க. ஒருவகைக் கோரையின் கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து சர்க்கரை சேர்த்த குளிர்ந்த பால். தொட்டுக்கொள்ள ‘ஃபார்த்தோன்’ என்று நீளமான இனிப்பு பன். ஆறிப்போன பருத்திப்பாலின் ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்கிறது. வயலில் வரிசை வரிசையாகப் பாத்தி கட்டிக் கோரையைப் பயிர் செய்கிறார்கள்.

அப்பாவிடம் சொன்னேன்.

“கோரையை வெதைச்சு, தண்ணி பாச்சி, வளக்குறானா?”

“ஆமாம்பா. வித்துக் காசு பாக்குறாங்க.”

வயலில் கோரை பிடுங்கியே முதுகு வளைந்தவர். வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார். நம் ஊர்க் கோரைக்கிழங்கு இதன் பங்காளிதான், இதுவே அல்ல என்று நான் சொன்னது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 31, திங்கள்

நேற்று விடியற்காலை இரண்டு மணியை மூன்று மணியாக்கிவிட்டார்கள். இனி அக்டோபர்வரை கோடை நேரம். மூன்றரை மணி நேரம்தான் பின்னால். ஐந்துக்குப் பதில் ஆறு மணிக்கு லாகின் செய்தால் போதும். ஒரு மணி நேரத் தூக்கம் இலவசமாகக் கிடைத்தது என்று சந்தோஷமாகப் படுத்தேன். நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது.

சென்னையில் இரண்டு மணி லஞ்ச் பிரேக்கில் வழக்கம்போல முனை பாருக்குப் போனேன். இங்கே பத்தரை. மேசையில் கடலைத் தோல் குவிந்து கிடந்தது, நாலு காலிக் கண்ணாடிக் கோப்பைகள். பெயின்டர், பிளம்பர், பெரியவர்கள், ஒருவரும் இல்லை. கடைக்காரர் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். என் நாற்காலியை மட்டும் இன்னும் உள்ளே தூக்கி வைக்கவில்லை.

திரும்பி வந்து ஆபீஸ் காலண்டரைத் திறந்து, தினமும் இந்திய நேரம் ஒன்று முதல் ஒன்றரை வரை ‘சாப்பாடு’ என்று போட்டு அடைத்தேன். ஐந்து நிமிடத்தில் டீம் லீடிடமிருந்து மெசேஜ். அந்த நேரத்தில் ஏற்கெனவே ஒரு கால் இருக்கிறதாம், வாரத்தில் மூன்று நாள்.

சரி, செவ்வாய் வியாழன் மட்டும் போதும் என்று பதில் போட்டிருக்கிறேன்.